இறந்தவர் போட்ட கையெழுத்து: பங்க் இசைத்தட்டு வாங்குவோர் கேள்வி-பதில்

பங்க் ராக் இசைத்தட்டுகள், அவற்றின் உறைப் படங்கள், அவற்றை ஒட்டி விற்கப்படும் பொருள்கள் பற்றி வந்த கடிதங்களை இந்த முறை எடுத்துக்கொண்டேன். நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: ரமோன்ஸ் குழுவின் முதல் ஆல்பம், நால்வரின் கையெழுத்தோடு, 650 கனடிய டாலருக்கு இணையத்தில் வாங்கினேன். கூடவே வந்த சான்றிதழில் '2003, நியூயார்க்கில் நேரில் பெறப்பட்டது' என்று இருக்கிறது. நண்பர் சந்தேகப்படுகிறார்.
(வாசகர், டொராண்டோ)

பதில்: நண்பரின் சந்தேகம் சரியானது. ஜோயி ரமோன் 2001 ஏப்ரலில் காலமாகிவிட்டார். டீ டீ 2002 ஜூனில் போனார். உறையில் இருக்கும் நால்வரில் 2003-ல் உயிரோடு இருந்தவர்கள் ஜானியும் டாமியும் மட்டுமே.

மனதைத் தளரவிடாதீர்கள். நீங்கள் அந்த நால்வரையும் நேசித்துப் பணம் கொடுத்தீர்கள். அந்த நேசத்தைத்தான் ஒருவர் காசாக்கியிருக்கிறார். அந்தச் சான்றிதழைப் பத்திரமாக வையுங்கள். விற்றவர் தன் கைப்படக் கொடுத்த பொய் அது, உங்களுக்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. முதலில் விற்றவருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். பிறகு விற்பனைத் தளத்துக்கு. அதற்கும் மசியவில்லை என்றால், கார்டு கொடுத்த வங்கியிடம் 'போலிப் பொருள்' என்று சொல்லிப் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். இதற்கெல்லாம் காலக்கெடு உண்டு, இந்த வாரமே தொடங்குங்கள். வங்கியோ தளமோ எழுத்தில் சொல்லாதவரை தட்டைத் திருப்பி அனுப்பாதீர்கள்.

கேள்வி: செக்ஸ் பிஸ்டல்ஸின் 'காட் சேவ் த குயீன்' ஏ அண்ட் எம் இசை நிறுவனத்தின் பதிப்பாக, ராணி முகம் போட்ட நீல உறையோடு 150 பவுண்டுக்கு வருகிறது. வாங்கிவிடவா?
(வாசகர், லண்டன்)

பதில்: வாங்காதீர்கள். அந்த உறை 1977 மே மாதம் வர்ஜின் நிறுவனம் வெளியிட்ட தட்டுக்கு உரியது. ஏ அண்ட் எம் அந்த மார்ச்சில் குழுவை ஒப்பந்தம் செய்து, ஒரே வாரத்தில் கழற்றிவிட்டு, அச்சான தட்டுகளை அழித்தது. தப்பியவை மிகச் சில; அவை ஆயிரக்கணக்கான பவுண்டுக்குப் போகின்றன. ஜேமி ரீட் வடிவமைத்த அந்த உறைதான் உங்களை இழுக்கிறது என்றால் வர்ஜின் தட்டையே வாங்குங்கள், சிரமமில்லாமல் கிடைக்கும்.

கேள்வி: கிளாஷ் குழுவின் 'லண்டன் காலிங்' ஆல்பத்தின் உறைப் புகைப்படத்தின் 'மூல நெகட்டிவிலிருந்து எடுத்த பிரிண்ட்' என்று ஒரு இணையக் கடையில் 220 பவுண்டுக்கு வாங்கினேன். படம் மங்கலாக இருக்கிறது. போலியா?
(வாசகி, லெஸ்டர்)

பதில்: மங்கலாக இருப்பதை வைத்து முடிவு செய்ய முடியாது, ஏனென்றால் மூலப் படமே அப்படித்தான். 1979 செப்டம்பரில் நியூயார்க் பலேடியம் அரங்கில் குழுவின் பால் சிமனன் தன் பேஸ் கிதாரை மேடையில் ஓங்கி அடித்தபோது புகைப்படக்காரர் பென்னி ஸ்மித் எடுத்தது அது. ஃபோகஸ் சரியில்லை என்று உறைக்கு அதைக் கொடுக்கவே அவருக்கு மனமில்லை. குழுவின் பாடகர் ஜோ ஸ்ட்ரம்மர்தான் அது வேண்டும் என்று நின்றார். எல்விஸின் 1956 ஆல்பத்தில் இருப்பது போன்ற இளஞ்சிவப்பு, பச்சை எழுத்துகளை உறையை வடிவமைத்த ரே லோரி அதன்மேல் வைத்தார். கால்களை அகட்டி, முகம் தெரியாமல் குனிந்து, கிதாரின் கழுத்தைக் கோடாரிக் காம்பு போலப் பிடித்திருக்கும் அந்த உடலில் எவ்வளவு கோபம் இருக்கிறது என்று பாருங்கள். கூர்மையாக விழுந்திருந்தால் அந்த வேகம் படத்தில் வந்திருக்காது. உடைந்த அந்தக் கிதார் இப்போது லண்டன் அருங்காட்சியகத்தின் வசம் இருக்கிறது.

இனி உங்கள் பிரிண்டுக்கு வருவோம். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்றை எடுங்கள். சிமனனின் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சாம்பல் நிறப் பகுதியில் வைத்துப் பாருங்கள். வரிசை வரிசையாகப் புள்ளிகள் தெரிந்தால், அது அச்சில் வந்த படம். பெரும்பாலும் உறையையே ஸ்கேன் செய்து பெரிதாக்கியிருப்பார்கள். ஒழுங்கில்லாமல் தூவியது போலப் புள்ளிகள் இருந்தால் இங்க்ஜெட் பிரிண்டர். இருட்டறையில் கழுவிய புகைப்படத்தில் அச்சுப் புள்ளியே இருக்காது, சாம்பல் நிறம் இடைவெளி இல்லாமல் கருப்புக்குள் போகும்.

வரிசைப் புள்ளிகள் தெரிந்தால் பொருள் விவரிப்புக்கு மாறானது. கைக்கு வந்து 30 நாள் ஆகவில்லை என்றால் பிரிட்டனின் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி நிராகரித்து முழுப் பணத்தையும் கேட்கலாம். 30 நாள் தாண்டிவிட்டாலும் புகார் செய்யும் உரிமை போகாது. கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் விலை 100 பவுண்டுக்கு மேல் என்பதால் கார்டு நிறுவனத்துக்கும் பொறுப்பு உண்டு. நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ம் பிரிவைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

கேள்வி: 1979-ல் வந்த முதல் பதிப்பு என்று ஜாய் டிவிஷனின் 'அன்நோன் பிளெஷர்ஸ்' வாங்கினேன். வந்ததில் பார்கோடு இருக்கிறது. விற்றவர் கேட்டுக்கொண்டதால் பேபாலில் 'நண்பர்கள், குடும்பம்' முறையில் அனுப்பினேன். பாதுகாப்பு இல்லை என்கிறார்கள்.
(வாசகர்)

பதில்: இல்லைதான். முன்பின் தெரியாதவருக்கு நண்பர் கணக்கில் பணம் அனுப்பினால் வாங்குவோர் பாதுகாப்பு போய்விடும் என்று இந்தப் பகுதியில் திரும்பத் திரும்ப எழுதிவிட்டேன். இரண்டு படம் கேட்டிருந்தால் போதும். ஒன்று உறையின் பின்பக்கம்: 1979-ன் பிரிட்டிஷ் உறையில் பார்கோடு வராது. இன்னொன்று பாட்டு முடிந்து லேபிளுக்கு முன்னால் இருக்கும் வழவழப்பான வளையம், அங்கே கீறியிருக்கும் எண்களை, இசைத்தட்டுப் பதிப்புகளைப் பட்டியலிடும் டிஸ்காக்ஸ் தளத்தில் ஒப்பிட்டிருக்கலாம். கேட்கவில்லை. விற்பனைத் தளத்தில் புகாரைப் பதிவு செய்யுங்கள், அடுத்தவராவது தப்பட்டும்.

கேள்வி: 180 கிராம் வினைல், அதாவது கனமான தட்டு, என்றால் ஒலி கூடுமா?
(வாசகர், சிங்கப்பூர்)

பதில்: எடை மட்டும்தான் கூடும்.

கேள்வி: 'லண்டன் காலிங்' வண்ண வினைல் மறுபதிப்பு, 'வரையறுக்கப்பட்ட பதிப்பு' என்று 5,200 ரூபாய் சொல்கிறார்கள். சாதாரணக் கருப்பு மறுபதிப்பு அதில் பாதி விலைதான். எது நல்ல முதலீடு?
(வாசகர், சென்னை)

பதில்: இந்தக் கேள்வியில் எனக்கு நெடுநாள் வருத்தம் ஒன்று இருக்கிறது, சொல்லிவிடுகிறேன்.

1979 டிசம்பரில் 'லண்டன் காலிங்' வந்தபோது அது இரண்டு தட்டு, 19 பாட்டு. விலை ஒரு தட்டுக்கு உரிய விலை. அதற்காக கிளாஷ் குழு தன் தட்டுகளை வெளியிட்ட சிபிஎஸ் நிறுவனத்தோடு மல்லுக்கட்டியது. ஆல்பத்தோடு இலவசமாக ஒரு 12 அங்குல சிங்கிள் (ஓரிரு பாட்டு மட்டும் உள்ள தட்டு) தருகிறோம் என்று சம்மதம் வாங்கி, அந்த இலவசத் தட்டை முழு இரண்டாம் தட்டாக்கிக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு 'சாண்டினிஸ்டா' மூன்று தட்டு. குறைந்த விலைக்கு விற்பதற்காக பிரிட்டனில் முதல் 2,00,000 பிரதிகளுக்கு வரவேண்டிய ராயல்டியை விட்டுக்கொடுத்தார்கள். கிராஸ் என்ற பிரிட்டிஷ் பங்க் குழு தன் உறைகளிலேயே 'இதற்கு மேல் கொடுக்காதே' என்று விலையை அச்சடித்தது, கடைக்காரர் கூட்டி விற்கக் கூடாது என்பதற்காக. வாஷிங்டனின் டிஸ்கார்ட் இசை நிறுவனமும் விலையைக் குறைவாக வைத்தே தன் தட்டுகளை விற்றது. கையில் காசில்லாத பையனும் பெண்ணும் வாங்க வேண்டும் என்று இசைக்கலைஞர்களே நிறுவனங்களோடு சண்டை போட்ட இசை இது. அதே பாட்டு, அதே உறை, சாயம் கலந்த பிளாஸ்டிக், மேலே ஒரு தங்க நிற ஸ்டிக்கர் என்று இரட்டை விலைக்கு வரும்போது எனக்கு வயிறு எரிகிறது.

என் அலமாரியிலும் அப்படி ஒன்று இருக்கிறது, வேறொரு குழுவின் ஆல்பம். சிவப்பும் வெள்ளையும் தெறித்த வினைல். அமைதியான இடங்களில் எல்லாம் 'சரசர' என்று இரைச்சல். பழைய உறை ஒன்றை ஸ்கேன் செய்து அச்சடித்ததால், மூல உறையின் மூலையில் விழுந்த மடிப்புக் கோடுகூட அச்சாகி வந்திருக்கிறது. புதுப் பொருளில் பழைய மடிப்பு! விற்றவர் மாற்றித் தர மறுத்துவிட்டார்.

கருப்பையே வாங்குங்கள். உறையில் பெயர் இல்லாமல் கடைசியாக வரும் 'டிரெய்ன் இன் வெய்ன்' வரை கேளுங்கள். உறை அச்சுக்குப் போன பிறகு சேர்த்த பாட்டு என்பதால் முதல் பதிப்பின் பட்டியலில் அது இடம்பெறவில்லை. மிச்சப் பணத்தில் இன்னொரு ஆல்பம் வரும். முதலீடு செய்ய அஞ்சலகம் இருக்கிறது.

கேள்வி: தட்டுகளை எந்தப் பிளாஸ்டிக் உறையில் வைப்பது? எங்கள் ஊர் வெயில் தெரியுமே.
(வாசகி, வேலூர்)

பதில்: பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலித்தீன். கனமான, பளபளக்கும் பிவிசி உறை வேண்டவே வேண்டாம். டேம்ட் குழுவின் 1977 முதல் ஆல்பத்துக்கு, முகமெல்லாம் கிரீம் அப்பிய நால்வர் இருப்பார்களே, அதற்கு நான் வாங்கிய பிவிசி உறை இரண்டு கோடையில் தட்டின் மேல் வெண்படலம் ஏற்றிவிட்டது, துடைத்தாலும் போகவில்லை. நிமிர்த்தி வையுங்கள், அடுக்காதீர்கள், மேற்குச் சுவர் ஓரம் வேண்டாம்.

கேள்வி: மகளுக்கு ரமோன்ஸ் டி-ஷர்ட் 399 ரூபாய்க்கு இணையத்தில் வாங்கினேன். முதல் துவைப்பிலேயே அதில் அச்சிட்டிருந்த குழுவின் கழுகுச் சின்னம் உரிந்துவிட்டது. 'திரும்பப் பெற முடியாது' என்கிறார்கள். அவள் அழுதே விட்டாள்.
(வாசகர், மதுரை)

பதில்: இந்தியாவின் 2020 மின்வணிக விதிகளின்படி, குறைபாடுள்ள பொருளையும் விளம்பரத்துக்கு மாறான பொருளையும் திரும்பப் பெற விற்பவர் மறுக்க முடியாது. அவர்கள் எழுதிவைத்த நிபந்தனை இந்த விதிக்கு மேல் செல்லாது. உரிந்த இடத்தைப் படம் எடுத்து, ரசீதோடு 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள். 399 ரூபாய் என்று விட்டுவிடாதீர்கள், அந்தத் தைரியத்தில்தான் இவர்கள் கடை ஓடுகிறது.

மகளிடம் இதையும் சொல்லுங்கள். அந்தச் சின்னத்தை உருவாக்கியவர் ஆர்ட்டூரோ வேகா, குழுவின் நெருங்கிய தோழர். அமெரிக்க ஜனாதிபதி முத்திரையை எடுத்து, கழுகின் ஒரு காலில் ஆலிவ் கிளைக்குப் பதில் ஆப்பிள் கிளையையும், மறு காலில் அம்புகளுக்குப் பதில் பேஸ்பால் மட்டையையும் கொடுத்தார். மலிவுப் போலிகளில் மட்டை வெறும் குச்சியாகிவிடும், சுற்றி இருக்கும் பெயர்களில் எழுத்துப் பிழை வரும். அடுத்த முறை வாங்குமுன் அந்த இரண்டு இடத்தையும் பெரிதாக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பங்க் கேட்டதே இல்லை. பிளேயரும் இல்லை. 2,000 ரூபாயில் எங்கே தொடங்குவது?
(வாசகி, கோவை)

பதில்: பிளேயர் வாங்காதீர்கள். அந்தப் பணத்துக்குக் கிடைக்கும் பெட்டி பிளேயரின் கனமான ஊசி தட்டைத் தேய்த்துவிடும். வீட்டில் பழைய டிவிடி பிளேயர் இருந்தால் பயன்படுத்திய சிடிகளை வாங்குங்கள்.

முதலில் ரமோன்ஸின் 1976 ஆல்பம். 14 பாட்டு, அரை மணி நேரம்கூட இல்லை. செங்கல் சுவர் முன்னால் நால்வரும் நிற்கும் அந்தக் கருப்பு வெள்ளைப் படத்தை எடுத்தவர் ராபர்ட்டா பெய்லி. நிறுவனம் அவருக்குக் கொடுத்தது 125 டாலர். அடுத்து பேட்டி ஸ்மித்தின் 'ஹார்சஸ்', 1975. வெள்ளைச் சட்டை, தோளில் போட்ட கோட்டு, புகைப்படக்காரர் ராபர்ட் மேப்பிள்தார்ப் எடுத்த படம். மூன்றாவதாக எக்ஸ்-ரே ஸ்பெக்ஸின் 'ஜெர்ம்ஃப்ரீ அடோலசென்ட்ஸ்', 1978. குழுவின் பாடகி பாலி ஸ்டைரீன் இருபத்தோரு வயதில் பிளாஸ்டிக்கையும் விளம்பரத்தையும் கடைகளையும் பற்றி எழுதிக் கத்திப் பாடிய ஆல்பம் அது. நுகர்வோர் பிரச்சினைகளையே நாளெல்லாம் படிக்கிற எனக்கு அதைவிட நெருக்கமான இசை வேறில்லை.

சிடியை வாங்குமுன் விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். மையத்திலிருந்து விளிம்புக்கு ஓடும் மெல்லிய கீறல் பரவாயில்லை; வட்டப் போக்கில் போகும் கீறல் இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.