பொய்க்காயம் போடுவதெல்லாம் ஒரு வேலையா?

அம்மா, உங்கள் மகள் நாள் முழுக்கத் தன் கையில் வெட்டுக்காயமும் தீக்காயமும் வரைந்துகொண்டிருக்கிறாள், இதையே தொழிலாக்கப் போவதாகவும் சொல்கிறாள் என்று கவலையோடு கேட்டிருக்கிறீர்கள். அப்படி ஒரு வேலை இருக்கிறது. நீங்கள் பயப்படுவதில் பாதி நியாயமும் இருக்கிறது.

நர்சிங், மருத்துவ மாணவர்களும் ஆம்புலன்ஸ் பணியாளர்களும் நிஜ நோயாளியைத் தொடுவதற்கு முன் பயிற்சி பொம்மையிடமோ நோயாளியாக நடிப்பவரிடமோ பழகுகிறார்கள். அந்தப் பொம்மையின் அல்லது நடிப்பவரின் உடம்பில் பொய்க்காயத்தை உருவாக்குவதற்கு 'மூலாஜ்' என்று பெயர். இது நேற்று முளைத்ததல்ல. பாரிஸின் செயின்ட் லூயி மருத்துவமனையில் 19ஆம் நூற்றாண்டிலேயே தோல் நோய்களை மெழுகில் வார்த்து வைத்துப் பாடம் நடத்தினார்கள். ஆளை நோயாளியாக நடிக்கவைத்துக் கற்பிக்கும் முறையை ஹோவர்ட் பாரோஸ் என்ற மருத்துவர் 1963இல் தொடங்கினார்.

சினிமா மேக்கப்புக்கும் இதற்கும் உள்ள தூரத்தை மகளுக்குப் புரியவையுங்கள். சினிமாவில் பார்ப்பவர் பதறினால் போதும். இங்கே பார்ப்பவர் சரியாகக் கண்டுபிடிக்க வேண்டும். ஆழமான தீக்காயம் பெரும்பாலும் வறண்டு, வெளுத்தோ கருகியோ, பதனிட்ட தோல்போல் இருக்கும். அந்த இடத்தில் வலிகூடத் தெரியாமல் போகலாம். அதை ரத்தம் சொட்டச் சொட்டச் செய்துவைத்தால் மாணவர் தப்பாகவே படித்துக்கொண்டு போவார். தமனி வெட்டுப்பட்டால் பளீர் சிவப்பில் பீறிடும், சிரை என்றால் கருஞ்சிவப்பில் வழியும். கன்றிப்போன இடம் முதலில் சிவந்து, நீலம் பாய்ந்து, ரத்தத்தின் ஹீமோகுளோபின் சிதையச் சிதையப் பச்சை, மஞ்சள் என்று மாறும். (நிறத்தை வைத்து அடிபட்ட நாளைத் துல்லியமாகச் சொல்ல முடியாது. அதையும் அவள் தெரிந்து வைத்திருக்கட்டும்.)

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். பாடப்புத்தகப் படங்கள் நெடுங்காலம் வெளிறிய தோலையே காட்டி வந்தன. படுக்கைப்புண்ணின் தொடக்கச் சிவப்பு கருத்த தோலில் எளிதில் கண்ணில் படாது. ஆக்சிஜன் குறைந்தால் வரும் நீலத்தை உதட்டின் உள்பக்கம், ஈறு, நகக்கண் இவற்றில்தான் தேட வேண்டும். கருத்த தோலில் இவற்றை நம்பும்படி செய்யத் தெரிந்தவர்கள் குறைவு. உங்கள் மகளுக்கு இது நல்ல வாசல்.

பொருட்கள் பற்றிச் சுருக்கமாக: ஜெலட்டின் சூட்டில் இளகும், சிலிகான் தாங்கும். லேட்டக்ஸ் என்ற ரப்பர் பால் சிலருக்கு ஒவ்வாது, ஆகவே கேட்காமல் யார் மேலும் பூசக் கூடாது. சிவப்புச் சாயம் விலையுயர்ந்த பொம்மையின் தோலில் ஏறிவிட்டால் போகாது. மறைவான இடத்தில் சோதித்த பிறகே கை வைக்க வேண்டும்.

இனி உங்கள் பயத்தின் நியாயமான பாதி. காயம் போடுவதற்கென்றே தனிப் பதவி அபூர்வம். பொம்மைகளைப் பராமரிப்பது, பயிற்சிக்கூடத்தைத் தயார் செய்வது, வீடியோ பதிவு என்று சிமுலேஷன் (நிஜம்போல நடத்தும் பயிற்சி) டெக்னீஷியன் செய்யும் பல வேலைகளில் இதுவும் ஒன்று. சில இடங்களில் நர்சிங் ஆசிரியர்களே செய்துகொள்கிறார்கள். இதை மட்டும் நம்பி இறங்கச் சொல்ல மாட்டேன். நர்சிங் அல்லது அவசர மருத்துவத் தொழில்நுட்பம் படிக்கட்டும், மேக்கப்பைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும். நோயாளியைத் தொடவே விருப்பமில்லை என்றால் நுண்கலைக்குப் போகலாம். அப்போது பிழைப்புக்கு சினிமாவும் நாடகமும், பயிற்சிக்கூடம் எப்போதாவது வரும் வேலை. இரண்டில் முதலாவதையே நான் பரிந்துரைப்பேன். மருத்துவ சிமுலேஷன் கூடங்களை இயக்குபவர்களுக்கென்று சி.எச்.எஸ்.ஓ.எஸ். என்ற சர்வதேசச் சான்றிதழ் உண்டு. அது அனுபவம் சேர்ந்த பிறகு எழுதுவது, இப்போது அதற்காகப் பணம் கட்ட வேண்டாம்.

அவள் செய்யும் ஒவ்வொரு காயத்தையும் படம் எடுத்து, பக்கத்தில் எழுதிவைக்கச் சொல்லுங்கள்: எது குத்தியது, எவ்வளவு ஆழம், எத்தனை மணி நேரம் ஆயிற்று, நோயாளியிடம் வேறென்ன அறிகுறி தெரியும். அழகாக வரைந்துவிட்டு இதற்குப் பதில் சொல்ல முடியாவிட்டால் அவளுக்கு ஆசை மேக்கப்பில்தான், மருத்துவத்தில் இல்லை.

பிறகு அருகிலுள்ள நர்சிங் கல்லூரியின் சிமுலேஷன் கூடத்தில் சில நாள் உதவிக்கு வரலாமா என்று கேட்டு அனுப்புங்கள். பயிற்சி முடிந்ததும் ஒட்டியதை உரிப்பது, பொம்மையைத் துடைப்பது, போர்வை மடிப்பது போன்றவற்றைத்தான் முதலில் கொடுப்பார்கள். அதைச் செய்துவிட்டு மறுநாளும் கிளம்பினாள் என்றால் விண்ணப்பப் படிவம் வாங்கிவிடுங்கள்.