வாசகர் கேள்வி: மைதானத்தில் மண்டியிட்டால்?

கேள்வி: தேசிய கீதத்தின்போது எதிர்ப்புக் காட்டும் தொழில்முறை வீரரை அணி உரிமையாளர் தடுக்கலாமா?
- உடற்கல்வி ஆசிரியர், திருமங்கலம்.

பதில்: கருப்பின மக்கள் மீதான காவல்துறை வன்முறையைக் கண்டித்து, அமெரிக்கக் கால்பந்து வீரர் காலின் கேப்பர்னிக் 2016-இல் தேசிய கீதத்தின்போது முதலில் உட்கார்ந்தும் பின்னர் ஒரு காலை மண்டியிட்டும் எதிர்ப்புக் காட்டினார். பேச்சுரிமையைக் காக்கும் அந்நாட்டு அரசியலமைப்பின் முதல் திருத்தம் அரசைத்தான் கட்டுப்படுத்துகிறதே தவிர தனியார் முதலாளியை அல்ல என்பதால், ஒப்பந்தமும் தொழிலாளர் சட்டமும் இடங்கொடுக்கும் அளவுக்கு உரிமையாளர் தடுக்கலாம். ஆனாலும், அந்த ஆட்டத்தின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். அமைப்பு, மைதானத்தில் கீதத்தின்போது எழுந்து நிற்காத வீரர்களின் அணிக்கு அபராதம் விதிக்க 2018-இல் கொண்டுவந்த விதி, வீரர் சங்கம் முறையிட்டதும் நிறுத்திவைக்கப்பட்டது.

மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில், புழுதி படிந்த வெறுங்காலோடு, கீதம் முடியும்வரை அசையாமல் நின்ற கபடிப் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அந்த மரியாதையை அபராதம் போட்டு வாங்க முடியாது என்பதால், சட்டம் அனுமதித்தாலும் இத்தகைய தடை நியாயமற்றது என்றே கருதுகிறேன். நம் நாட்டிலும், பாடாமல் மரியாதையுடன் எழுந்து நின்ற கேரள மாணவர்களைப் பள்ளியிலிருந்து நீக்கியது செல்லாது என 1986-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.