எட்டு விழுந்தால் போதுமா?

கேள்வி: ராட்சத ரோபோக்கள் மோதிக்கொள்ளும் ‘பேட்டில்டெக்’ மேசை விளையாட்டை இரண்டு ஆண்டுகளாக ஆடி வருகிறேன். இரண்டு பகடையிலும் சேர்த்து எட்டு விழுந்தால் போதும், குறி பட்டுவிடும் என்னும் நிலையிலும் எனக்கு ஐந்தும் ஆறுமே விழுகின்றன. கடந்த ஆட்டத்தில் என் ரோபோவின் ஆட்டோகேனன்-20 என்னும் பெரிய பீரங்கி தொடர்ந்து ஐந்து முறை குறி தவறியது. எதிராளியோ ஒரே குண்டில் என் ரோபோவின் தலையைப் பறித்துவிட்டார். கோளாறு பகடையிலா, என் ராசியிலா?

பதில்: உங்கள் கடிதத்தில் ‘போதும்’ என்ற சொல்தான் என் கண்ணில் பட்டது. இரண்டு பகடைகளை உருட்டினால் வரக்கூடிய 36 சேர்க்கைகளில் எட்டோ அதற்கு மேலோ தருபவை 15 மட்டுமே; ஆகவே எட்டு தேவைப்படும்போது குறி தவறுவதே இயல்பு, படுவதுதான் அதிர்ஷ்டம். ஐந்து முறை தொடர்ந்து தவறுவதற்கான வாய்ப்புகூட ஏறத்தாழ பதினைந்தில் ஒன்று என்பதால், அடிக்கடி ஆடுகிற எவருக்கும் அது நேர்ந்தே தீரும்.

அந்த எட்டு எங்கிருந்து வந்தது என்பதையும் பாருங்கள். ரோபோவை ஓட்டும் வழக்கமான வீரரின் சுடுதிறன் 4, அதுதான் தொடக்க எண். நீங்கள் நடந்தபடி சுட்டால் 1, எதிரி மூன்று அல்லது நான்கு கட்டம் நகர்ந்திருந்தால் 1, நடுத்தரத் தொலைவுக்கு 2 என்று கூட்டினால் எட்டு ஆகிறது. நடப்பதற்குப் பதில் ஓடியிருந்தால் ஒன்பது தேவைப்பட்டு, 15 சேர்க்கைகள் பத்தாகச் சுருங்கியிருக்கும். மாறாக, நடந்தே மூன்று கட்டத்துக்குள் நெருங்கியிருந்தால் தொலைவுக்கான 2 நீங்கி ஆறு போதும், அதற்கு 26 சேர்க்கைகள் உண்டு. பகடையைக் கையில் எடுப்பதற்கு முன்பே, ரோபோவை நகர்த்தும்போதே, பாதி ஆட்டம் முடிந்துவிடுகிறது.

அடுத்தது ஆயுதத் தேர்வு. ஆட்டோகேனன்-20 குண்டுகளைச் சேர்க்காமலே 14 டன் எடை கொண்டது. பட்டால் ஒரே இடத்தில் 20 புள்ளிச் சேதம் விளைவிக்கும். ஒரு டன் மட்டுமே எடையுள்ள மீடியம் லேசர் 5 புள்ளிச் சேதம் தரும். இரண்டும் சுடக்கூடிய தொலைவு ஒன்றே. எட்டு தேவைப்படும் சுற்றில் நான்கு லேசர்களைச் சுட்டால் சராசரிச் சேதம் மாறாது, ஆனால் வெறுங்கையோடு திரும்பும் வாய்ப்பு 58 விழுக்காட்டிலிருந்து 12-க்கு இறங்கிவிடும். இதற்கு விலையும் உண்டு: ஆட்டோகேனன் 7 அலகு வெப்பம் தரும் இடத்தில் நான்கு லேசர்கள் 12 அலகு தரும், சேதமும் உடலெங்கும் சிதறும். ஒரே அடியில் வீழ்த்தும் இன்பத்துக்காகப் பெரிய பீரங்கியை விரும்புவதில் தவறில்லை (நானும் அந்தக் கட்சிதான்), ஆனால் அதை விரும்புகிறவர் வெற்றுச் சுற்றுகளையும் சேர்த்தே வாங்குகிறார்.

தலை போனதற்கு மட்டும் என் அனுதாபம் முழுமையாக உண்டு. குறி பட்ட பிறகு எந்த இடம் என்று உருட்டும்போது 12 விழுந்தால்தான் தலை. 36-இல் ஒரு வாய்ப்பு. தலைக் கவசம் அதிகபட்சம் 9, உட்கட்டமைப்பு 3 என்பதால், 12 புள்ளிக்குக் குறையாத ஒற்றை அடியை அது தாங்காது.

கேள்வி: பகடை சரியானதுதானா என்று வீட்டிலேயே சோதிக்க முடியுமா?

பதில்: ஒரே பகடையை 360 முறை உருட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முகமும் 60 முறை வர வேண்டும். 46-க்கும் 74-க்கும் இடையில் இருந்தால் ஐயப்பட வேண்டியதில்லை. வெல்டன் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் 1894-இல் 12 பகடைகளை 26,306 முறை உருட்டிப் பதிவு செய்தபோது, ஐந்தும் ஆறும் சற்றே அதிகமாக விழுந்தன. புள்ளிகளைக் குழியாகக் குடையும்போது ஆறு உள்ள முகம் அதிகப் பொருளை இழந்து இலேசாகி மேல்நோக்கி நிற்கிறது என்பதே இதற்குச் சொல்லப்படும் காரணம். உங்கள் பகடையிலும் அதே குறை இருந்தால், அதை மாற்றச் சொல்ல வேண்டியவர் எதிராளிதான்.