1,600 ஜூல்: யார் அளந்தது?

கேள்வி: குத்துச்சண்டை வீரர் மைக் டைசனின் ஒரு குத்தில் 1,600 ஜூல் ஆற்றல் இருந்ததாக ஒரு காணொளியில் பார்த்தேன். என் நண்பர் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார். “அவரை ஜெயித்த பஸ்டர் டக்ளஸ் தாங்கினார், ஹோலிஃபீல்டு தாங்கினார். அவ்வளவு பலமான குத்தாக இருந்தால் எப்படித் தாங்கியிருப்பார்கள்? எல்லாம் பில்டப்” என்கிறார். பந்தயம் கட்டியிருக்கிறோம். டைசன் உண்மையில் எவ்வளவு பலமாகக் குத்தினார்? சுற்றி வளைக்காமல் ஒரே வரியில் சொல்லவும்.
(ஒரு வாசகர், திருநெல்வேலி)

பதில்: சரி, ஒரே வரியில்: 1,600 ஜூல் என்பதும் தப்பு, “எல்லாம் பில்டப்” என்பதும் தப்பு, பந்தயத்தில் இரண்டு பேருமே தோற்றுவிட்டீர்கள். ஆனால் இதோடு நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. குத்துச்சண்டையைப் பற்றிப் பேச்சு வந்தாலே இப்போதெல்லாம் இப்படி ஏதாவது ஓர் எண் முன்னால் வந்து நிற்கிறது. அடி வாங்கியவன் என்ன ஆனான் என்று கேட்க ஆளில்லை.

எண்ணிலிருந்தே ஆரம்பிப்போம். பள்ளிக்கூடத்தில் படித்த சூத்திரம்தான். நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் ஆற்றல். தேர்ந்த வீரரின் கை இலக்கைத் தொடும்போது அதன் வேகம் விநாடிக்குச் சுமார் 9 மீட்டர். ஒலிம்பிக் வீரர்கள் 7 பேரைக் குத்தவைத்து அளந்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2005-ல் வெளியானது. குத்துக்குப் பின்னால் உண்மையில் வேலை செய்த நிறை அதில் சராசரியாக 2.9 கிலோதான். கணக்குப் போட்டால் 120 ஜூல் பக்கம் வருகிறது. டைசன் அவர்களையெல்லாம்விடப் பலசாலி, ஒத்துக்கொள்கிறேன். நிறையை 6 கிலோ ஆக்குங்கள், வேகத்தை 12 மீட்டர் ஆக்குங்கள். தாராளமாகக் கொடுத்தும் 432 ஜூல்தான். 9 மீட்டர் வேகத்தில் 1,600 ஜூல் வரவேண்டுமென்றால் 40 கிலோ வேண்டும். ஒரு பள்ளிக்கூடப் பையன் முழு உடம்போடு பறந்து வந்து மோதுகிற கணக்கு அது. தோளில் தொங்குகிற கையால் அது ஆகாது.

“1,800 பி.எஸ்.ஐ.” என்று இன்னொரு எண்ணும் உலவுகிறது. பி.எஸ்.ஐ. என்பது டயருக்குக் காற்றடிக்கும்போது பார்க்கிற அழுத்தக் கணக்கு. ஒரே குத்து கிளவுஸோடு விழுந்தால் ஓர் எண், வெறுங்கையோடு விழுந்தால் வேறோர் எண். அதை வைத்துக்கொண்டு குத்தின் பலத்தைச் சொல்ல முடியாது.

ஆனால் ஒழுங்காக அளந்த குத்து ஒன்று இருக்கிறது. அது இங்கிலாந்தின் குத்துச்சண்டை வீரர் ஃபிராங்க் புருனோவுடையது. 1985-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஆய்வு அது. ஊசல் மாதிரித் தொங்கவிட்ட, மெத்தை சுற்றிய இலக்கை அவர் குத்தினார். கை கிளம்பி 0.1 விநாடிக்குள் அரை மீட்டர் தூரத்தைக் கடந்து, விநாடிக்கு 8.9 மீட்டர் வேகத்தில் போய் இறங்கியது. உச்ச விசை 4,096 நியூட்டன். மனிதத் தலையில் விழுந்தால் அது 6,320 வரை போகலாம் என்று கணித்தார்கள். அவர்களே ஓர் ஒப்பீடும் சொன்னார்கள்: 6 கிலோ மரச் சம்மட்டிக்கு மெத்தை சுற்றி, மணிக்கு 20 மைல் வேகத்தில் வீசினால் எப்படியோ, அப்படி. எனக்கு இந்தச் சம்மட்டிதான் புரிகிறது, நியூட்டனைவிட.

அந்தப் புருனோவே 1989 பிப்ரவரியில் லாஸ் வேகஸில் டைசனோடு மோதினார். முதல் ரவுண்டிலேயே கீழே விழுந்து எழுந்த புருனோ, அதே ரவுண்டின் கடைசியில் ஓர் இடது ஹூக் (பக்கவாட்டில் வளைந்து வரும் குத்து) விட்டார். டைசன் ஆடிப்போனார். ஆனால் விழவில்லை. ஐந்தாவது ரவுண்டில் புருனோ கயிற்றில் சாய்ந்து அடி வாங்கிக்கொண்டிருக்கும்போது நடுவர் நிறுத்தினார். அளக்கப்பட்ட சம்மட்டியை வாங்கியவர் நின்றார், அளக்கப்படாத கை ஜெயித்தது.

எண் மேல் இன்னும் நம்பிக்கை இருந்தால் இதையும் கேளுங்கள். 2000-ல் வந்த ஓர் ஆய்வில் தேர்ந்த அமெச்சூர் வீரர்கள் பின்னால் வைத்திருக்கும் கையால் விட்ட குத்து சராசரியாக 4,800 நியூட்டன். அப்படியென்றால் அமெச்சூர் பையன்கள் புருனோவைவிடப் பலமாகக் குத்தினார்களா? கிடையாது. கருவி வேறு, இலக்கு வேறு. ஒரு கருவியில் வந்த எண்ணை இன்னொரு கருவியின் எண்ணோடு ஒப்பிடவே கூடாது. காணொளிக்காரர்கள் நாள் முழுக்கச் செய்வது அதைத்தான்.

அப்போது யாரை நம்புவது? வாங்கியவர்களைத்தான். இதில் முன்னாள் சாம்பியன் லாரி ஹோம்ஸை மிஞ்சிய சாட்சி கிடையாது. 1979 செப்டம்பரில் எர்னி ஷேவர்ஸின் வலது கை ஏழாவது ரவுண்டில் அவரை மல்லாக்கத் தள்ளியது. எழுந்தார், சமாளித்தார், 11-வது ரவுண்டில் ஜெயித்தார். அப்போது வயது 29. 1988 ஜனவரியில், 38 வயதில், டைசன் அவரை நாலாவது ரவுண்டில் மூன்று முறை விழவைத்து முடித்தார். 75 சண்டைகளில் ஹோம்ஸ் நாக் அவுட் ஆனது அந்த ஒரு முறைதான். இருந்தும், யாருடைய குத்து பலம் என்று கேட்டபோதெல்லாம் ஹோம்ஸ் சொன்ன பெயர் ஷேவர்ஸ். தன்னை முடித்தவரைவிட, தான் எழுந்து ஜெயித்தவரின் கைதான் கனம் என்கிறார். இதில் அவருக்கு லாபம் ஒன்றும் இல்லை. நான் நம்புகிறேன். ஒற்றைக் குத்தின் கனத்தில் டைசனுக்கு மேலே ஷேவர்ஸ், அவரோடு ஜார்ஜ் ஃபோர்மேனும்.

ஃபோர்மேனை ஏன் சேர்க்கிறேன் என்றால் 1994 நவம்பர் 5-ஐ வைத்துத்தான். வயது 45, எதிரில் 26 வயது மைக்கேல் மூரர். ஒன்பது ரவுண்டும் மூரர்தான் முன்னால். ஃபோர்மேனின் கால் நகரவே மறுக்கிறது, கை மெதுவாக வருகிறது. பத்தாவது ரவுண்டில் ஒரு குட்டையான வலது கை தாடையில் போய் இறங்கியது. வேகம் என்று சொல்ல அதில் ஒன்றுமே இல்லை. மல்லாந்த மூரர், நடுவர் பத்து எண்ணி முடிக்கும்வரை எழவில்லை. வயதானாலும் போகாத கனம் அது. டைசனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கால் மந்தமானதும் அவருடைய ஆட்டமே மாறிவிட்டது.

ஏனென்றால் டைசனின் சரக்கு வேறு. 178 சென்டிமீட்டர்தான் உயரம். மிகக் கனமான வீரர்களின் பிரிவான ஹெவிவெயிட்டில் அது குள்ளம். கஸ் டமாட்டோ என்ற கிழட்டுப் பயிற்சியாளர் நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில்லில் வைத்து அவரை வளர்த்தார். குத்து விழவேண்டிய ஒவ்வோர் இடத்துக்கும் எண் போட்ட மெத்தைப் பொம்மை முன்னால் நிற்கும். எண்களைச் சொல்லச் சொல்ல, யோசிக்காமல் கை அங்கே போக வேண்டும். தலையை இரண்டு பக்கமும் ஆட்டிக்கொண்டே உள்ளே நுழைந்து, முட்டியை மடக்கி எழும்போது அந்த எழுச்சியோடு சேர்ந்து கை வரும். வலது கையால் விலாவில் ஒன்று. வாங்கியவன் முழங்கையைக் கீழே இறக்குவதற்குள் அதே கையால் தாடைக்கு, கீழிருந்து மேலே ஏறும் ஓர் அப்பர்கட்.

வருவது தெரிந்தால் கழுத்து தானாக இறுகும், தலை தாங்கும். தெரியாமல் வந்தால் தலை சட்டென்று திரும்பும், உள்ளே மூளை முறுக்கிக்கொள்ளும். இதை நானே வாங்கித் தெரிந்துகொண்டவன். இருபது வயதில் ஒரு பயிற்சிக்கூடத்துக்குச் சில மாதம் போனேன். அங்கே 85 கிலோ அண்ணன் ஒருவர் இருந்தார். அவர் அடித்தால் தடுத்த கையே இரண்டு நாளைக்கு வலிக்கும். ஆனால் ஒரு தடவைகூட நான் விழுந்ததில்லை. என்னை விழவைத்தவன் 60 கிலோகூட இல்லாத ஒரு பையன். அவன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், இடது எங்கிருந்து வந்தது என்று தெரியாது. வலியே இல்லை. காதுக்குள் ரீங்காரம் மாதிரி ஒரு சத்தம், அப்புறம் பார்த்தால் தரையில் உட்கார்ந்திருக்கிறேன்.

இப்போது டைசனின் 1986 நவம்பர் 22 சண்டையைப் போட்டுப் பாருங்கள். டிரெவர் பெர்பிக்கின் நெற்றிப்பொட்டுப் பக்கம் ஓர் இடது ஹூக். பார்க்க அப்படியொன்றும் பெரிய அடியாகத் தெரியாது. பெர்பிக் விழுகிறார். எழப் பார்க்கிறார், கால் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போய்க் கயிற்றோரம் சாய்க்கிறது. மறுபடி எழுகிறார், எதிர்ப்பக்கம் போய் விழுகிறார். ஒரு குத்துக்கு மூன்று விழுகை. நடுவர் மில்ஸ் லேன் வந்து கட்டிப்பிடித்து நிறுத்தினார். டைசனுக்கு அன்று வயது 20.

உங்கள் நண்பர் சொல்கிற டக்ளஸ் தாங்கினார் என்பதும் பாதிதான் உண்மை. 1990-ல் டோக்கியோவில் எட்டாவது ரவுண்டில் டைசனின் அப்பர்கட்டில் அவர் விழுந்தார், ஒன்பது எண்ணும்போதுதான் எழுந்தார். மற்ற நேரமெல்லாம் அரை அடி உயரம் அதிகமுள்ள அவருடைய ஜேப் (கையை நேரே நீட்டிக் குத்தும் குத்து), டைசனை உள்ளே வரவிடவே இல்லை. விழாத குத்தைத் தாங்கினார் என்று சொல்லக்கூடாது. ஹோலிஃபீல்டும் உள்ளே வந்த கையைக் கட்டிப் போட்டுத்தான் ஜெயித்தார்.

ஆக, கனம் ஷேவர்ஸ், ஃபோர்மேன். ஆபத்து 1986 முதல் 1988 வரையிலான டைசன். இது என் தீர்ப்பு.

தாங்கினார் என்ற சொல்லைத்தான் என்னால் விட முடியவில்லை. முகமது அலியும் ஷேவர்ஸைத் தாங்கினார். 1977 செப்டம்பர் 29, நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கம். இரண்டாவது ரவுண்டில் வலது கை விழுந்து பொறி கலங்கிப்போனது அலிக்கு. கலங்கியது மாதிரி நடிப்பதாகக் காட்டிக்கொண்டார். ஷேவர்ஸ் ஏமாந்து பின்வாங்கினார். 15 ரவுண்டும் நின்று அலி புள்ளியில் ஜெயித்தார். அந்த அடி ஆப்பிரிக்காவில் இருக்கும் தன் சொந்தக்காரர்களையே அதிரவைத்தது என்று பின்னால் சிரித்துக்கொண்டு சொன்னார். ஆனால் அந்தச் சண்டைக்குப் பிறகு அவருடைய மருத்துவர் ஃபெர்டி பச்சேகோ, சிறுநீரகம் கெட்டுவருவதைக் காட்டிய பரிசோதனை அறிக்கையை அலி தரப்புக்கு அனுப்பிவிட்டு விலகிக்கொண்டார். இனி அலிக்கு இங்கே சண்டை ஏற்பாடு செய்ய மாட்டோம் என்று கார்டனின் டெடி பிரென்னர் அறிவித்தார். அலி இன்னும் நாலு முறை ரிங்கில் ஏறினார். கடைசியாக 1981 டிசம்பரில் மோதியது இதே பெர்பிக்கோடு. 1984-ல் பார்க்கின்சன் நோய் என்று சொன்னார்கள்.

பந்தயம் இன்னும் தீரவில்லையென்றால் இரண்டு பேரும் உட்கார்ந்து அலி-ஷேவர்ஸ் சண்டையின் 15-வது ரவுண்டைப் பாருங்கள். மூன்று நிமிடம்தான்.