கையெழுத்தில்லாத வேலை: அமெரிக்கக் கறுப்பின வடிவமைப்பாளர்கள் குறித்துக் கேள்வி பதில்

சிகாகோவில் பதினேழு ஆண்டுகள் வரைகலை வடிவமைப்பாளராக வேலை பார்த்துவிட்டு, இப்போது கோவையில் எழுத்துருவியல் கற்பிக்கிறேன். என் முதல் கலை இயக்குநர் ஒரு கறுப்பினத்தவர். 1970களில் தொழிலுக்கு வந்தவர். அவர் பட்டதை நான் பட்டதாகச் சொல்லிக்கொள்ள முடியாது. பக்கத்து மேசையிலிருந்து கண்டதையும், அவர் தூண்டியதால் தேடிப் படித்ததையும் கொண்டே இந்தப் பதில்களை எழுதுகிறேன்.

மதுரை, காட்சித் தொடர்பியல் மாணவி: அம்மா, எங்கள் பாடத்தில் வரைகலை வரலாறு ஜெர்மனியின் பௌஹாஸ் வடிவமைப்புப் பள்ளியில் தொடங்கி, சுவிஸ் பாணி வழியாக நியூயார்க்கில் முடிந்துவிடுகிறது. ஒரு கறுப்பினப் பெயர்கூட இல்லை. உண்மையிலேயே யாரும் இருக்கவில்லையா?

இருந்தார்கள் மகளே. ஓவியர் தம் படத்தின் மூலையில் கையெழுத்துப் போடுகிறார். லோகோ வரைந்தவரும் அட்டைப்பெட்டிக்கு லேஅவுட் செய்தவரும் எங்கே போடுவது? நம் தொழிலே பெயர் தெரியாத தொழில். அதில் செய்தவரின் பெயரை விசாரித்து எழுதிவைக்கும் அக்கறையும் ஓர் இனத்தாரை மட்டும் விட்டுவிட்டுப் போனால், வேலை கண்முன் இருக்கும், ஆள் மட்டும் காணாமல் போய்விடுவார்.

ஜார்ஜ் ஓல்டனை எடுத்துக்கொள்ளுங்கள். 1920இல் அலபாமாவின் பர்மிங்ஹாமில் பிறந்தவர். தொலைக்காட்சி தவழ்ந்துகொண்டிருந்த 1945இல் சிபிஎஸ் ஒளிபரப்பு நிறுவனத்தில் சேர்ந்து, திரையில் தோன்றும் தலைப்புகளுக்கும் படங்களுக்கும் பொறுப்பேற்றார். அந்தச் சின்னத் திரையில், அதுவும் கறுப்பு வெள்ளையில், எது படிக்கும்படி தெரியும், எது குழம்பும் என்பதற்கு அப்போது இலக்கணமே கிடையாது. வாராவாரம் செய்து பார்த்தே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. விளம்பர உலகின் கிளியோ விருதுச் சிலையை வடிவமைத்தவர் அவர்தான். அடிமை விடுதலைப் பிரகடனத்தின் நூற்றாண்டை ஒட்டி 1963இல் வெளியான ஐந்து சென்ட் அஞ்சல்தலையும் அவருடையது; அமெரிக்க அஞ்சல்தலை ஒன்றை வடிவமைத்த முதல் கறுப்பினத்தவர் அவரே. அதில் முகம் இல்லை, கூட்டம் இல்லை. கண்ணி அறுந்த ஒரு சங்கிலி மட்டும் இருக்கிறது. 1970இல் ஒரு பெரிய விளம்பர நிறுவனம் அவரை வேலையை விட்டு நீக்கியது. இனப்பாகுபாடே காரணம் என்று வழக்குத் தொடுத்தவர், அந்தச் சச்சரவு தீருமுன் 1975இல் லாஸ் ஏஞ்சல்ஸில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஏஐஜிஏ என்னும் அமெரிக்க வடிவமைப்பாளர் சங்கம் தன் பதக்கத்தை அவருக்கு அறிவித்தது 2007இல்.

இன்னும் பின்னே போகலாம். 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சிக்காகக் கறுப்பினச் சமூகவியலாளர் டபிள்யூ. இ. பி. டு போய்ஸ், அட்லாண்டா பல்கலைக்கழக மாணவர்களுடன் சேர்ந்து, கறுப்பின மக்களின் கல்வி, சொத்து, தொழில் பற்றிய விவரங்களைக் கையால் வரைந்து வண்ணமிட்ட விளக்கப்படங்களாக ஆக்கினார். சுருள்களும் வளைந்து திரும்பும் பட்டைகளுமாக இருக்கும் அவற்றை என் மாணவர்களிடம் ஆண்டு சொல்லாமல் காட்டுவேன். பௌஹாஸுக்குப் பிந்தையவை என்றே பெரும்பாலோர் சொல்வார்கள். பௌஹாஸ் தொடங்கியதோ 1919இல்.

திருச்சி, விளம்பர நிறுவன ஊழியர்: உங்கள் இயக்குநர் அலுவலகத்தில் எதிர்கொண்ட பாகுபாடு எப்படிப்பட்டது? வெளிப்படையான அவமதிப்பா?

வெளிப்படையாக நான் கண்டது குறைவு. ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். புதிய வாடிக்கையாளர் ஒருவரைப் பார்க்க அவரும், நானும், வேலைக்கு வந்து நான்கு மாதமே ஆன ஒரு வெள்ளை இளைஞரும் போயிருந்தோம். வாடிக்கையாளர் அறைக்குள் வந்ததும் நேராக அந்த இளைஞரிடம் போய்க் கைகுலுக்கி, "உங்கள் வேலைகளைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டிருக்கிறேன்" என்றார். இளைஞர் காது சிவக்க எங்களைத் திரும்பிப் பார்த்தார். இயக்குநர் எதுவும் சொல்லாமல் பெரிய கறுப்புப் பையின் ஜிப்பைத் திறந்து, அட்டையில் ஒட்டிய மாதிரிகளை ஒவ்வொன்றாக மேசைமேல் வைத்தார். ஒவ்வொன்றின் விளிம்பையும் மேசை விளிம்புக்கு நேராக விரலால் தட்டிச் சரிசெய்தார். நான்காவது அட்டையை வைக்கும்போதுதான், விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பவரே தலைவர் என்பது வாடிக்கையாளருக்கு உறைத்தது. ஒப்பந்தம் எங்களுக்கே கிடைத்தது. திரும்பும் வழியில் அவர் இந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மூன்றாவது அட்டையில் எழுத்து இடைவெளி தளர்வாக இருந்தது என்று என்னைத்தான் கடிந்துகொண்டார்.

இன்னொன்றும் உண்டு. பிப்ரவரி அங்கே கறுப்பின வரலாற்று மாதம். ஜனவரி பிறந்தால் எங்கள் தொலைபேசி ஓயாது. சுவரொட்டி வேண்டும், சிறுநூல் வேண்டும், அதுவும் உடனே வேண்டும். மார்ச் வந்தால் அமைதி. "மற்றப் பதினோரு மாதமும் எனக்கு வங்கி ஆண்டறிக்கை செய்யத் தெரியாது என்று யார் சொன்னது?" என்று சிரிப்பார். ஒருவரைச் சிறப்பிப்பதாகச் சொல்லிக்கொண்டே ஒரு சிறு பெட்டிக்குள் அடைத்துவிட முடியும் என்பதை அங்கேதான் கண்டேன்.

சென்னை, தனித்தொழில் செய்பவர்: கறுப்பின வடிவமைப்புக்கென்று தனி அழகியல் உண்டா?

இதைத் தீவிரமாகக் கேட்டவர்களில் முக்கியமானவர் கறுப்பின வடிவமைப்பாளர் சில்வியா ஹாரிஸ். 2000ஆம் ஆண்டின் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவத்தை எளிதாக நிரப்பும்படி மாற்றியமைத்த பணியில் பங்கேற்றவர். ஒரே பாணி என்று எதையும் காட்ட முடியாது என்பது என் கருத்து. 1920களில் நியூயார்க்கின் கறுப்பினப் பகுதியான ஹார்லெமின் கலை எழுச்சியைச் சேர்ந்த இதழ்களுக்கு ஆரன் டக்ளஸ் வரைந்த நிழலுருவ அட்டைகளுக்கும், கறுப்பின உரிமைக்காகப் போராடிய பிளாக் பேந்தர் கட்சியின் வார ஏட்டுக்கு எமரி டக்ளஸ் வரைந்தவற்றுக்கும் வெகுதூரம். எமரி அச்சுத்தொழிலை முதலில் அறிந்தது இளங்குற்றவாளிகளுக்கான விடுதியின் அச்சகத்தில். கறுப்போடு இன்னொரு வண்ணம் சேர்ப்பதற்கே காசு இருந்த வார ஏடு அது. மரச்செதுக்கு போன்ற தடித்த கோடுகளால் அவர் அதை நிரப்பினார். கோடு தடிப்பாக இருந்தால் வண்ணப் பதிவு, அதாவது ஒரு வண்ணத்தின்மேல் இன்னொன்று பொருந்தி விழுவது, இம்மியளவு விலகினாலும் கண்ணுக்குத் தெரியாது என்பது அச்சகக்காரர்களுக்குச் சொல்லாமலே புரியும். அவருடைய பாணியில் அழகியல் எவ்வளவு, சிக்கனம் எவ்வளவு என்று பிரிக்க என்னால் ஆகாது.

ஆனால் பிறர் சுமத்திய "ஆப்பிரிக்க" பாணி ஒன்று நிச்சயமாக உண்டு. நோய்லாண்ட் என்ற எழுத்துருவை 1923இல் ஜெர்மனியில் ருடால்ஃப் கோக் வடித்தார். அதற்கும் ஆப்பிரிக்காவுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆயினும் வெட்டிவைத்தாற்போன்ற அதன் முரட்டு வடிவத்தைப் பார்த்து, சஃபாரி, காடு, ஆப்பிரிக்கக் கதை என்று எதற்கெடுத்தாலும் அதையே ஒட்டத் தொடங்கினார்கள். எனக்கும் இதில் சிறு பங்கு கிடைத்தது: சிகாகோவில் எந்த இந்திய உணவகம் திறந்தாலும், தேவநாகரியைப் போல மேலே கோடு போட்ட ஆங்கில எழுத்தில் பெயர்ப்பலகை கேட்டு என்னிடம் வருவார்கள். எங்கள் எழுத்துக்கு மேல்கோடே கிடையாது என்று சொன்னால் ஏமாற்றத்தோடு பார்ப்பார்கள்.

சிவகாசி, ஆஃப்செட் அச்சகம்: கறுத்த நிறத்தவரின் படம் அச்சில் சாம்பல் பூத்துப் போகிறது. அங்கே எப்படிச் சமாளித்தீர்கள்?

நல்ல கேள்வி, எங்கள் இயக்குநர் மெஷின் அருகிலேயே நின்று பார்க்கும் ஒரே விஷயம் இது. சிக்கல் அச்சுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. கோடாக் நிறுவனம் லேப்களுக்கு அனுப்பிய வண்ண ஒப்பீட்டு அட்டைகளில் நெடுங்காலம் வெள்ளைப் பெண்ணின் படமே இருந்தது. அவள் நிறம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்பது கணக்கு.

அச்சில் பார்க்க வேண்டியது சயான் என்னும் நீல மையை. பழுப்புத் தோலில் மெஜந்தா என்னும் செந்நிற மையும் மஞ்சளும் ஏறக்குறையச் சமமாக நின்று, சயான் அவற்றைவிடத் தெளிவாகக் குறைந்திருக்க வேண்டும். கறுத்த தோல்தானே என்று சயானை ஏற்றினால் உயிர் போய்ச் சாம்பல் வரும்; ஆழத்தைக் கறுப்பு மையிலிருந்து எடுங்கள். நியூஸ்பிரின்ட் என்னும் செய்தித்தாள் காகிதம் என்றால் மைப்புள்ளி பரவும், கோப்பில் 50 சதவீதமாக இருப்பது தாளில் 70க்கு மேல் போய்விடும். எனவே வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் இடைப்பட்ட நடுச்சாயலை முன்கூட்டியே இளக்கிவிட வேண்டும். நெற்றியிலும் கன்ன எலும்பிலும் விழும் ஒளியை மட்டும் அழித்துவிடாதீர்கள், முகத்தின் வடிவம் அதில்தான் இருக்கிறது. படத்தையே வெளுப்பாக்கித் தப்பிப்பது நம்மூர் வழக்கம். அது எனக்கு உடன்பாடில்லை.

டொராண்டோ வாசகர்: இப்போது நிலைமை மாறியிருக்கிறதா?

மெதுவாகத்தான். செரில் மில்லர் என்ற வடிவமைப்பாளர் 1985இல் பிராட் கல்லூரியில் இதையே ஆய்வேடாக எழுதி, 1987இல் பிரின்ட் என்ற வரைகலை இதழில், கறுப்பின வடிவமைப்பாளர்களைக் காணவில்லையே என்ற பொருளில் கட்டுரை வெளியிட்டார். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகி, 2019இல் ஏஐஜிஏ எடுத்த தொழில் கணக்கெடுப்பில் பதிலளித்தவர்களுள் கறுப்பினத்தவர் சுமார் 3 சதவீதம். நாட்டின் மக்கள்தொகையிலோ 13 சதவீதம் அளவில் இருக்கிறார்கள். அதே மில்லருக்கு 2021இல் பதக்கம் கொடுத்தார்கள்.

நெல்லை மாணவர்: மேடம், நான் எழுத்துரு வடிவமைக்க விரும்புகிறேன். யாருடைய வேலையைப் பார்க்கலாம்?

தம்பி, ட்ரே சீல்ஸ் என்ற கறுப்பின வடிவமைப்பாளரின் வோக்கல் டைப் எழுத்துரு நிறுவனத்திலிருந்து தொடங்குங்கள். 1968இல் மெம்ஃபிஸ் நகரத் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் "நான் ஒரு மனிதன்" என்று பொருள்படும் ஆங்கில வாசகத்தைப் பெரிய எழுத்தில் ஏந்தி நடந்தார்கள். அந்த அட்டைகளின் எழுத்திலிருந்து பிறந்தது அவருடைய மார்ட்டின் எழுத்துரு.

அடுத்து கறுப்பின வடிவமைப்பாளர் கெயில் ஆண்டர்சன். விடுதலைப் பிரகடனத்தின் 150ஆம் ஆண்டுக்காக 2013இல் வந்த அஞ்சல்தலை அவருடையது. நாஷ்வில்லின் பழைய ஹாட்ச் ஷோ அச்சகத்தில் மர எழுத்துகளைக் கோத்து உருவாக்கினார். அதை ஓல்டனின் 1963 அஞ்சல்தலைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: ஒன்றில் படம் மட்டுமே பேசுகிறது, மற்றதில் எழுத்து மட்டுமே. இரண்டுமே சேகரிப்போரிடம் மலிவாகக் கிடைக்கும். ஓல்டனுடையதை எங்கள் இயக்குநர் தம் வரைபலகையின் ஓரத்தில் ஒட்டியிருந்தார். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில், இதை வரைந்தது யாரென்று தெரியுமா என்று அதைக் காட்டித்தான் கேட்டார். எனக்குத் தெரிந்திருக்கவில்லை.