கோவைப் பக்கம் வீட்டில் டாரண்டுலா சிலந்தி வளர்க்க என்னென்ன வேண்டும்? ஹீட் மேட் (பெட்டிக்கு அடியில் வைக்கும் சூடேற்றும் விரிப்பு) வாங்கியே ஆக வேண்டுமா?

ஹீட் மேட் வேண்டாங்க. அது பனி கொட்டும் ஊர்க்காரர்களுக்கான சாமான். மார்கழி ராத்திரியில்கூட நம்ம வீட்டுக்குள் இந்தச் சிலந்தி தாங்காத குளிர் வராது. அதோடு, மண்ணில் வளை பறிக்கும் சிலந்தி சூடு அதிகமானால் கீழேதான் போகும். அடியிலேயே சூட்டை வைத்தால் அது தப்பிக்கப் போய் அதிலேயே மாட்டிக்கொள்ளும். இந்தப் பக்கம் டாரண்டுலா சாவது பெரும்பாலும் உடம்பு வற்றிப்போய், இல்லையென்றால் பூச்சிமருந்து பட்டு.

முதல் சிலந்திக்கு டில்டோகாட்ல் அல்போபிலோசஸ் (கடையில் 'கர்லி ஹேர்' என்பார்கள்) அல்லது பிராக்கிபெல்மா ஹமோரி எடுங்கள். இரண்டும் தரையில் வாழ்பவை, நிதானமானவை. பெண் 20 வருடம் தாண்டும். ஆண் பருவத்துக்கு வந்தபின் ஓரிரு வருடம் இருந்தாலே அதிகம். போசிலோதீரியா வகை நம் நாட்டுடையதுதானே என்று அதில் ஆரம்பிக்காதீர்கள். மின்னல் வேகம்; கடித்தால் நாள்கணக்கில் தசை பிடித்து இழுக்கும்; அதற்கென்று விஷமுறிவு மருந்து கிடையாது.

பெட்டிக்குக் கண்ணாடித் தொட்டியெல்லாம் அவசியமில்லை. மூடி இறுகப் பூட்டும் பிளாஸ்டிக் டப்பா போதும். நீளம் சிலந்தியின் கால்விரிவைப் (ஒரு கால் நுனியிலிருந்து எதிர்க்கால் நுனி வரை) போல் மூன்று மடங்கு. மண் மட்டத்திலிருந்து மூடி வரை கால்விரிவில் ஒன்றரை மடங்குக்கு மேல் இருக்கக் கூடாது. சுவரேறி விழுந்தால் வயிறு கிழிந்துவிடும், பெரும்பாலும் பிழைக்காது. காற்றுத் துளைகளை சால்டரிங் அயர்ன் வைத்து எதிரெதிர்ப் பக்கங்களில் போடுங்கள். கம்பிவலை மூடி வேண்டாம், கால் நகம் சிக்கி ஒடியும். குஞ்சாக இருந்தால் துளை அதன் தலைப்பகுதியைவிடச் சின்னதாக இருக்கணும்.

மண் விஷயத்தில் நாம் கொடுத்து வைத்தவர்கள். பொள்ளாச்சியைச் சுற்றி தென்னை நார்க்கழிவுக் கட்டி எங்கே கேட்டாலும் கிடைக்கும். ஆனால் கழுவிய 'லோ ஈ.சி.' (உப்பு குறைந்த) ரகமா என்று கேட்டு வாங்குங்கள். கழுவாததில் உப்பு நிற்கும். உரம் கலந்த தொட்டிக் கலவையும், தோட்டத்து மண்ணும் வேண்டாம். வயலில் அடித்த மருந்து அதில் இருக்கும். 650 கிராம் கட்டியை ஊறவைத்தால் ஏறக்குறைய 8 லிட்டர் வரும். பிழிந்து, கையில் பிடித்தால் உருண்டை நிற்கணும், தண்ணீர் சொட்டக் கூடாது. அந்தப் பதத்தில் 10 முதல் 15 செ.மீ. உயரத்துக்கு நன்றாக அமுக்குங்கள். லேசாக நிரப்பினால் வளை சரிந்துவிடும். ஒளிய ஒரு பாதிக் கொட்டாங்குச்சி.

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கிற காற்றுக்கு உடுமலை, பல்லடம் பக்கம் மேல்மண் சீக்கிரமே காய்ந்துவிடும். அதற்காக தினமும் ஸ்பிரே அடிப்பது வீண்வேலை. மேலே மட்டும் நனைந்து காயும், அடி வறண்டே கிடக்கும். வாரம் ஒருமுறை ஒரு மூலையில் தண்ணீர் ஊற்றி அடிவரை இறங்க விடுங்கள். மற்ற மூலைகள் காய்ந்தே இருக்கட்டும். முழுப் பெட்டியும் சொதசொதவென்று இருந்தால் பூஞ்சையும் உண்ணியும் வரும். தண்ணீர்க் கிண்ணம் எந்நேரமும் நிறைந்திருக்கணும். அதில் பஞ்சு போடுவது அழுக்கைச் சேர்க்கத்தான் உதவும்.

சித்திரையில் ஈரோடு, கரூர் பக்கம் 40 டிகிரி தாண்டும். பெட்டி இருக்கும் இடம் 32-க்குள் நிற்கணும். அட்டாலி, மாடி அறை, ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் எல்லாம் கூடாது. கீழ்த்தளத்தில், தரையை ஒட்டிய தட்டில் வையுங்கள்.

தீனி: டூபியா கரப்பான் (தீனிக்கென்றே வளர்க்கும் கரப்பான்) அல்லது பண்ணைப் பாச்சை (கிரிக்கெட் பூச்சி), சிலந்தியின் வயிற்றளவைத் தாண்டாமல். குஞ்சுக்கு நான்கைந்து நாளுக்கு ஒன்று, பெரியதுக்கு 10-15 நாளுக்கு ஒன்று. டூபியாவுக்கு மருந்து கலக்காத கோழித்தீவனமும் கேரட்டும் போதும். பல்லடம், நாமக்கல்காரர்கள் தீவனத்துக்கு அலையவே வேண்டாம். உடுமலைப் பக்கம் பட்டுப்புழுவும் கொடுக்கலாம், ஆனால் நோய் வந்து ஒதுக்கிய புழுவையும் சுண்ணாம்பு தூவிய புழுவையும் வாங்காதீர்கள். வீட்டுக் கரப்பான், வயல் வெட்டுக்கிளி இரண்டும் கூடவே கூடாது. மிச்சத்தை 24 மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள்.

கொசு லிக்விட், கொசுவர்த்தி, கரப்பான் சாக்பீஸ் எதுவும் அந்த அறையில் வேண்டாம். நாய்க்கு உண்ணி மருந்து போட்ட கையால் பெட்டியைத் தொடாதீர்கள். அந்த மருந்துகளில் வரும் ஃபிப்ரோனில் என்ற பூச்சிக்கொல்லி கொஞ்சம் பட்டாலே செத்துவிடும். எறும்புக்கும் பொடி தூவ வேண்டாம். ஸ்டாண்டின் நான்கு கால்களையும் தண்ணீர்க் கிண்ணத்தில் வையுங்கள், சாப்பாட்டு அலமாரிக்குச் செய்கிற மாதிரி.

சாப்பிடாமல் இருந்து, வயிறு கறுத்துப் பளபளத்தால் தோலுரிக்கப் போகிறது என்று அர்த்தம். மல்லாக்கப் படுத்துக் கிடக்கும். செத்துவிட்டது என்று புரட்டிப் போட்டுக் கொல்பவர்கள் நிறைய. சில மணி நேரம் ஆகும்; தொடாதீர்கள், தண்ணீர் தெளிக்காதீர்கள், உயிர் இரை உள்ளே இருந்தால் எடுங்கள். முடிந்தபின் பல் வெள்ளையாக இருக்கும். அது கறுக்கும்வரை, பெரியதென்றால் 10 நாளாவது, தீனி வேண்டாம்.

குப்புற நின்றபடி கால்களெல்லாம் உடம்புக்கு அடியில் மடங்கினால் அதுதான் ஆபத்து. சிலந்தி காலை நீட்டுவது உடல்திரவத்தின் அழுத்தத்தால். நீர் வற்றினால் அழுத்தம் போய்க் கால் சுருங்கும். வாய்ப்பகுதி மட்டும் தண்ணீரில் படும்படி ஆழமில்லாத தட்டில் சாய்த்து வையுங்கள். வயிற்றின் அடியில்தான் மூச்சுத் துளைகள், அது நனையக் கூடாது.

கையில் எடுத்து விளையாடுவது சிலந்திக்கு ஒரு பயனும் இல்லாத வேலை. அமெரிக்கக் கண்டத்து வகைகள் (நான் சொன்ன இரண்டும் அதில் சேர்த்தி) வயிற்று முடியை உதைத்து விடும். கண்ணில் குத்தினால் கண் மருத்துவரிடம்தான் ஓடணும். மண் மாற்றும்போது கையுறை, கண்ணாடி போடுங்கள்.

சட்டமும் உண்டு. நான் சொன்ன இரண்டு வகைகளும் சைட்டிஸ் (அழியும் ஆபத்துள்ள உயிர்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) இரண்டாம் இணைப்பில் வருபவை. சைட்டிஸ் உயிர்கள்தான் 2022-ல் திருத்திய வனவிலங்குச் சட்டத்தின் நான்காம் அட்டவணையில் இருக்கின்றன; அவற்றை வைத்திருப்பவர்கள், 2024 விதிகளின்படி, கைக்கு வந்த 30 நாளுக்குள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் 2.0 இணையதளத்தில் பதிய வேண்டும். விற்பவரிடம் ரசீதும் ஆவணமும் கேளுங்கள், மழுப்பினால் வாங்காதீர்கள். 'ராசி'க்கு என்று யாராவது நட்சத்திர ஆமை கொடுத்தாலும் வேண்டாம். அது முதல் அட்டவணை, பதிவு செய்து வளர்க்கவே முடியாது. பச்சைக்கிளிக்கும் அனுமதி இல்லை.