புது பெயின்ட்டும் அவசர வாக்ஸும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கார் பெயின்ட் அடித்திருக்கிறேன். எப்போது வாக்ஸ் போடலாம்? (வேலூர்)

என்ன பெயின்ட், பூத் என்ற சூடேற்றும் அறையில் சுட்டார்களா வெளியில் காய வைத்தார்களா, முழு வண்டியா ஒரு கதவு மட்டுமா, அடித்து எத்தனை நாள் ஆகிறது? நாலில் ஒன்றையும் எழுதவில்லை. இதே ஒரு வரிக் கேள்வி மாதாமாதம் வருகிறது. பெயின்ட் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். அதுவரை, குறைந்தது ஒரு மாதம், எதையும் தேய்க்காதீர்கள்.

முன் பம்பரும் இடது கதவும் போன வாரம் அடித்தது. 2கே பெயின்ட் (ஹார்ட்னர் என்ற இறுக்கும் திரவம் கலந்தது), பூத்தில் பேக் செய்தார்கள். மறுநாளே வாக்ஸ் போடலாம் என்கிறார் பெயின்டர். (திருச்சி)

இப்படி விவரத்தோடு எழுதினால் பதில் சொல்ல எளிது. 30 நாள் பொறுங்கள். பட்டறை பூத்தில் 60 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து எடுப்பது, வண்டியைக் கோர்த்து வெளியே அனுப்பும் அளவுக்குத்தான். கை வைத்தால் காய்ந்ததுபோல இருக்கும். ஆனால் மிச்ச தின்னர் மெதுவாக வெளியேறிக்கொண்டே இருக்கும், ஹார்ட்னர் முழுசாகப் பிணையவும் நாளாகும். பூத்தே இல்லாமல் ஷெட்டில் காய்ந்த பெயின்ட் என்றால் 60 நாள், மழைக்காலத்தில் 90 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாக்ஸ் பெயின்ட்டின் மூச்சை அடைத்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். அந்த மெல்லிய படலத்துக்கு அவ்வளவு சக்தி உண்டா என்பது வேறு விவாதம். எனக்குப் பயம், வாக்ஸுக்குள் இருக்கும் சால்வென்ட்டும் அதைத் துடைத்தெடுக்கக் கொடுக்கும் அழுத்தமும்தான். இளம் கிளியர் கோட்டில், அதாவது நிறத்துக்கு மேல் அடிக்கும் நிறமற்ற பூச்சில், இரண்டும் தடம் பதிக்கும்.

ஷோரூமிலிருந்து புது கார் எடுத்தேன். அதற்கும் ஒரு மாதமா? (சென்னை)

வேண்டாம். தொழிற்சாலையில் பிளாஸ்டிக், ரப்பர் எதுவும் மாட்டுவதற்கு முன்பே வெறும் பாடியை 140 டிகிரி வாக்கில் சுட்டுவிடுகிறார்கள். இன்றைக்கே போடலாம். டெலிவரிக்கு முன் யார்டில் கீறல் விழுந்து ஏதாவது பேனலை மறுபடி அடித்தார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊர் கடற்கரை ஊர். ஒரு மாதம் வாக்ஸ் இல்லாமல் விட்டால் உப்புக்காற்று பெயின்ட்டைத் தின்றுவிடாதா? (தூத்துக்குடி)

ஒரு மாதத்தில் தின்னாது. உப்பைக் காயவிட்டுத் துணியால் தேய்ப்பதுதான் கெடுதல். முதல் வாரம் கழுவவே வேண்டாம். பிறகு வாரம் இரண்டு முறை நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி, மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கழுவியதும் உடனே துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வெள்ளை வட்டங்கள் நிற்கும். வெயிலில் கழுவாதீர்கள். பாத்திரம் கழுவும் சோப்பு வேண்டாம். கவர் போட்டு மூடாதீர்கள்: ஈரம் உள்ளே தங்கும், காற்றில் கவர் ஆடி ஆடித் தேய்க்கும். கூரைக்கு அடியில் காற்றோட்டமாக நிறுத்தினால் போதும். டீசல், மண்ணெண்ணெய் தொட்டுத் துடைக்கும் பழக்கம் உள்ள டிரைவர் இருந்தால் முதலில் அவரிடம் சொல்லிவையுங்கள்.

விபத்துக்குப் பிறகு முழு வலது பக்கமும் அடித்தார்கள். டெலிவரி அன்றே செராமிக் கோட்டிங்கும் போட்டுத் தருகிறோம், பதினைந்தாயிரம், இன்று போட்டால் தள்ளுபடி என்கிறார்கள். போடலாமா? (கோவை)

போடாதீர்கள். இந்த வியாபாரத்தைப் பற்றி எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆறவில்லை.

வாக்ஸ் என்றால் தப்பாகப் போட்டாலும் நம் வெயிலுக்கு ஒன்றிரண்டு மாதத்தில் தானே போய்விடும். செராமிக் அப்படியில்லை. சிலிக்கா சார்ந்த அந்தத் திரவம் கிளியர் கோட்டோடு பிடித்துக்கொண்டு இறுகும், வருடக்கணக்கில் நிற்கும். எடுக்க வேண்டுமென்றால் காம்பவுண்ட் என்ற தேய்க்கும் பசை வைத்து பஃபிங் மெஷினால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். பட்டறையில் அடிக்கும் கிளியர் 50 மைக்ரான் வாக்கில்தான் இருக்கும். ஒவ்வொரு பஃபிங்கும் அதிலிருந்து கொஞ்சம் கொண்டுபோகும்.

சரி, ஏன் எடுக்க வேண்டி வரும்? பெயின்ட் இறுகும்போது சுருங்கும். டிங்கரிங் வேலை நடந்த இடத்தில் பள்ளம் நிரப்பிய பட்டியின் ஓரமும், அடியில் போட்ட எமரி கோடும் மூன்றாவது நாலாவது வாரத்தில்தான் மேலே தெரியும். பளபளப்பும் ஒரு படி இறங்கும். அதைச் சரிசெய்ய 2000 நம்பர் வாட்டர் பேப்பர் போட்டு மறுபடி பஃப் செய்ய வேண்டும். மேலே கோட்டிங் இருந்தால் அதையும் சேர்த்துத் தேய்த்துத் தள்ள வேண்டும். பதினைந்தாயிரம் தூளாகப் போகும். பட்டறைக்காரரோ "கோட்டிங் போட்டாயிற்று, இனி பெயின்ட்டுக்கு நாங்கள் பொறுப்பில்லை" என்பார். இப்படிப் புலம்பி எழுதியவர்கள் பலர்.

டெலிவரி அன்று கண்ணைப் பறிக்கும் பளபளப்பைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இளம் பெயின்ட்டை மெஷினில் ஓட்டி, மேலே எண்ணெய்ப் பசையுள்ள பாலிஷைத் தடவினால் எந்த வேலையும் இரண்டு வாரம் மின்னும். நாலு கழுவலில் பசை போனதும் சுழல் சுழலாகக் கோடுகள் வெளியே வரும். விற்பவர்களுக்கு இது தெரியும். தெரிந்தும் அன்றைக்கே விற்கிறார்கள் என்பதுதான் என் கோபம்.

கோட்டிங் தயாரிப்பாளர்கள் ஆளுக்கொரு கணக்கு சொல்கிறார்கள். ஒரு வாரம் என்பவரும் உண்டு, ஒரு மாதம் என்பவரும் உண்டு. அந்தக் குப்பியோடு வரும் தாளைக் காட்டச் சொல்லுங்கள். பெயின்ட், ஹார்ட்னர் இரண்டின் பிராண்டையும், எந்த சூட்டில் எவ்வளவு நேரம் பேக் செய்தார்கள் என்பதையும் பில்லில் எழுதி வாங்குங்கள். ஒரு மாதம் கழித்து வண்டியைப் பகல் வெளிச்சத்தில் பக்கவாட்டில் பாருங்கள். பட்டி ஓரம் தெரியவில்லை, பளபளப்பு இறங்கவில்லை என்றால் தாராளமாகக் கோட்டிங் போடலாம். தள்ளுபடி அப்போதும் இருக்கும். பெயின்ட் மேல் ஒட்டும் பிபிஎஃப் ஃபிலிமுக்கும் இதே ஒரு மாதம். அவசரப்பட்டு ஒட்டினால், உரிக்கும்போது பெயின்ட்டும் சேர்ந்து வரலாம்.

பெயின்ட் முடிந்து வண்டி வந்ததும் பூஜை போட வேண்டும். பானெட்டில் மஞ்சள், சந்தனம், குங்குமம் வைக்கலாமா? (கும்பகோணம்)

பூஜை அவசியம் போடுங்கள். பொட்டை நம்பர் பிளேட்டிலோ கண்ணாடியிலோ வையுங்கள். வெள்ளை வண்டியின் இளம் பெயின்ட்டில் மஞ்சள் சாயம் இறங்கினால் துடைத்துப் போகாது. பானெட்டில்தான் வைக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னால், தீபாராதனை முடிந்த கையோடு ஈரத்துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள். சாயங்காலம் வரை விடாதீர்கள்.

பத்து நாள் பெயின்ட். காக்கை எச்சம் காய்ந்து ஒட்டியிருக்கிறது. (மதுரை)

ஈரத்துணியை அதன் மேல் ஐந்து நிமிடம் போட்டு ஊறவைத்து, தூக்கி எடுங்கள். சுரண்டாதீர்கள். தடம் இருந்தாலும் இப்போது தேய்க்காதீர்கள், ஒரு மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

என் பழைய அம்பாசடருக்கு வெள்ளை அடித்தேன். துடைத்தால் துணியில் வெள்ளை ஒட்டுகிறது. வேலை மோசமா? (காரைக்குடி)

பதற வேண்டாம். மேலே கிளியர் இல்லாத ஒற்றைப் பூச்சு என்றால் அழுத்தித் துடைக்கும்போது நிறம் துணிக்கு வரும். ஆனால் அது என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட்டா 2கே பெயின்ட்டா என்று பாருங்கள். டிக்கியின் உள் ஓரத்தில், கண்ணில் படாத இடத்தில், தின்னர் நனைத்த துணியை வையுங்கள். பெயின்ட் கரைந்து வந்தால் என்சி. அது தின்னர் ஆவியாகித்தான் காயும், ஹார்ட்னர் கிடையாது. அதற்கு மூன்று மாதம் கொடுங்கள். பிறகு நல்ல கார்னாபா (ஒருவகைப் பனை மெழுகு) வாக்ஸ் போட்டால் பழைய வண்டிக்கு அந்த மினுமினுப்பு அழகாக இருக்கும்.

மேட் பெயின்ட்டுக்கு எந்த வாக்ஸ் நல்லது? (திருப்பூர்)

எதுவும் வேண்டாம். போட்டால் அங்கங்கே திட்டாகப் பளபளக்கும், திரும்ப மேட் ஆக்க முடியாது.

பெயின்ட் பட்டறையில் வேலை கற்றுக்கொள்கிறேன். கிளியர் அடிக்கும்போது குழி குழியாக விலகுகிறது. காற்றில் தண்ணீர் வருகிறது என்கிறார் முதலாளி. (சேலம்)

தம்பி, கம்ப்ரஸர் தண்ணீரையும் எண்ணெயையும் முதலில் வடித்துவிட்டுப் பார். அதற்குப் பிறகும் வந்தால் காரணம் சிலிக்கான். பக்கத்தில் யாராவது அது கலந்த டேஷ்போர்டு ஸ்பிரே, டயர் பாலிஷ் அடிக்கிறார்களா என்று கவனி. பாலிஷ் துணியும் பெயின்ட் துணியும் ஒன்றாகக் கிடக்கக் கூடாது. எமரி போடுவதற்கு முன்னும் பின்னும் வாக்ஸ் ரிமூவரால் துடை. இன்னொன்று, நீ கேட்காதது: 2கே ஹார்ட்னரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. அது நுரையீரலுக்குள் போனால் வாழ்நாள் முழுக்க ஆஸ்துமா வரலாம். முகத்தில் கைக்குட்டை கட்டினால் அது நிற்காது. வெளிக்காற்றைக் குழாய் வழியாகத் தரும் மாஸ்க் வாங்கித் தரச் சொல். அது வரும்வரை 2கே அடிக்கும் ஸ்பிரே கன்னைக் கையில் எடுக்காதே.